கைக்கூலி: இல்லை

திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதுவது பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கிழக்கிலங்கைப் பகுதியில் சிரிப்பார்கள். அது சினிமாக்காரரும் வெள்ளைக்காரப் பணக்காரரும் செய்கிற வேலை. காவின், அதாவது திருமணப் பதிவு, எழுதுமுன்னே பிரிவைப் பற்றிப் பேசினால் பரக்கத்துப் போய்விடும் என்பார்கள். சிரிக்கிற அதே மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். வளவு எத்தனை பேர்ச், வீட்டுக்குத் தட்டா ஓடா, வட்டையில் எத்தனை ஏக்கர், நகை எத்தனை பவுண், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசான கைக்கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு கையில் எவ்வளவு பிறகு என்று இரவிரவாகப் பேசி முடிக்கிறார். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் இப்படிப்பட்ட முன் ஒப்பந்தம் இல்லாமல் நடந்த கல்யாணங்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். எழுதுவதில்லை, அவ்வளவுதான். எழுதினாலும், நீதிமன்றம் எந்தத் தாளைப் பார்க்குமோ அதில் எழுதுவதில்லை.

சுனாமிக்குப் பின்வந்த ஆண்டுகளில் என்னிடம் வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

பெண்ணின் வாப்பா பெரும்போகச் செய்கைக்காரர். அவருக்குக் கல்யாணத்தில் கிடைத்த வீடு, அதாவது அவர் மனைவியின் சீதன வீடு, கடற்கரைப் பக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அது அத்திவாரத்தோடு போயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் அப்போது கோடு போட்டது. அவர் பிரதான வீதிக்கு மேற்கே வளவு வாங்கி, இரண்டு போக வெள்ளாமைக் காசில் ஒரு வீட்டைக் கட்டினார். அது மூத்த மகளுக்கான வீடு. எங்கள் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். தாய்வழிக் குடி, பெண்ணுக்கு வீடு என்ற இந்த வழமையை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் வழமை ஏறக்குறைய ஒன்றுதான்.

உறுதி எழுத அவர் என்னிடம் வந்தது கல்யாணத்துக்கு முந்தின மாதம். நான் சட்டத்தரணி, நொத்தாரிசும்கூட.

"சேர், ஊடு மகள்ர பேருல எழுதணும். அவங்க ரெண்டு பேர்ர பேருலயும் கேக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றன் எண்டு வந்திரிக்கன்."

இரண்டு பெயரில் எழுதினால் அந்த நிமிடமே மருமகன் வீட்டில் பாதிக்குச் சொந்தக்காரர். பிறகு கல்யாணம் நின்றாலும் முறிந்தாலும் அந்தப் பாதி தானாகத் திரும்பி வராது. இதைச் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்து நான் சொன்னதுதான் அவருக்குப் புதிது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் உயிலில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் ஒரு சிறிய நிபந்தனை உண்டு. நன்கொடை உறுதியில் 'மீளப்பெற முடியாதது' என்று சொல்லப்படாவிட்டால் அதை அப்படிப்பட்டதாகக் கொள்ளக்கூடாது. அதாவது வாப்பா நினைத்தால் பின்னொரு நாள் மகளுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கும். ஒரு சொற்றொடர் எழுதாமல் விட்டால் மகளின் கூரை வாப்பாவின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க சேர், புள்ளைக்குக் குடுத்தது குடுத்ததுதான்" என்றார். உறுதி மகள் பெயரில், மீளப்பெற முடியாதது என்ற சொல்லோடு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முடிந்தது. மூல உறுதியை மகளின் கையிலேயே கொடுத்தேன். உறுதியைப் பெறுநரிடம் ஒப்படைப்பதே உடைமையைக் கொடுத்ததற்குச் சான்று என்று அதே சட்டம் சொல்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஆனால் கல்யாணம் நடந்தது. கைக்கூலி ஐந்து இலட்சம். அதை மாப்பிள்ளையின் வாப்பா எண்ணி வாங்கினார். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். காவின் எழுதுகிறபோது பதிவாளர், "கைக்கூலி?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இல்லையெண்டு போடுங்க" என்றார். கைக்கூலி வாங்குவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று பள்ளிவாசலில் பயான் நடந்துகொண்டிருந்த காலம் அது. வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை, எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணின் வாப்பாவும் தலையாட்டினார். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் தொகை எழுதப்பட்டது. கைக்கூலிக்குரிய இடத்தில் 'இல்லை' என்று விழுந்தது. மாப்பிள்ளையும் வலியான பெண்ணின் வாப்பாவும் பதிவாளரும் கையொப்பமிட்டார்கள். பெண் கையொப்பமிடவில்லை, 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவளிடம் கையொப்பம் கேட்கவும் இல்லை. தன் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பது விவாகச் சான்றிதழ் பிரதி எடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் அவள் வாப்பா கணக்கில் கெட்டிக்காரர். நெல் விற்ற கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கத்தில், காசு கொடுத்த அன்று மாப்பிள்ளையின் மாமாவைக் கொண்டு, பெண்ணின் கல்யாணப் பேச்சின்படி இன்ன தொகை பெற்றுக்கொண்டோம் என்று எழுதுவித்திருந்தார். மாமாவின் கையெழுத்து, மாப்பிள்ளையின் கையெழுத்து, திகதி எல்லாம் இருந்தன. உர மூடைக் கணக்குக்கும் கூலி ஆட்களின் கணக்குக்கும் நடுவில் அந்தப் பக்கம் கிடந்தது.

மருமகன் கத்தாருக்குப் போனார். அனுப்பிய காசில் வீட்டுக்கு மேல் தட்டுப் போட்டு இரண்டு அறை எழுந்தது. பிறகு வழக்கமான கதை. தொலைபேசியில் சண்டை, லீவில் வரும்போது சண்டை, மாமி ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லீவில் சமாதானம் பேசப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இரண்டு வீட்டாரும் கூடினார்கள். அங்கே ஒரு தாள் எழுதப்பட்டது. இனி ஒற்றுமையாக வாழ்வது. மனைவி பிரிவு கேட்டால் வீட்டில் பாதி கணவனுக்கு. கணவன் வேறு கல்யாணம் செய்தால் மனைவிக்குப் பத்து இலட்சம். முத்திரை ஒட்டி, இருவரும் கையொப்பமிட்டு, நான்கு பேர் சாட்சி வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பின் தம்பதியர் சொத்துப் பற்றிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று உலகத்தில் சொல்வது இதைத்தான்.

தாள் ஒரு வருடம் தாங்கியது. பிறகு கணவர் தலாக் அறிவித்தல் கொடுத்தார். அவள் உம்மாவோடு என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"சேர், காதி கோட்டுக்கு நீங்க வருவீங்கதானே?"

வர முடியாது என்பதைச் சொல்வதுதான் ஒவ்வொரு முறையும் எனக்குக் கஷ்டமான வேலை. முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் எந்தத் தரப்புக்காகவும் சட்டத்தரணி தோன்ற முடியாது என்று முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு தடுக்கிறது. செலவில்லாமல், சிக்கலில்லாமல் குடும்பப் பிரச்சினை தீரட்டும் என்ற எண்ணத்தில் வைத்த தடை இது என்பார்கள். நடப்பில் அங்கே வாய் உள்ளவர் வெல்கிறார். காதியும் ஆண், அவரை நியமிக்கும் சட்டமே ஆண் என்று சொல்கிறது. கணவனின் பக்கம் மாமா, காக்கா, ஊர்ப் பெரியவர் என்று வந்து நிற்பார்கள். பெண்ணின் பக்கம் ஒரு வாப்பா, அவரும் கோபத்தில். சட்டத்தரணிகளை வெளியே நிறுத்தியதால் அந்த அறை சமமாகிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நான் செய்யக்கூடியதைச் செய்தேன். தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். முதலில் எதைக் காட்டுவது, எந்தக் கேள்விக்கு எவ்வளவு பதில் போதும், எங்கே அழாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கைக்கூலியின் வரைவிலக்கணத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திருமணத்துக்கு முன்போ திருமணத்தின்போதோ, மணமகளின் உபயோகத்துக்காக, அவளுடைய உறவினரோ வேறு எவருமோ மணமகனுக்குக் கொடுத்த பணமும் அசையும் சொத்தும், கொடுப்பதாக வாக்களித்ததும் கைக்கூலி. இதில் கவனிக்க வேண்டியது 'மணமகளின் உபயோகத்துக்காக' என்ற பகுதி. ஊர் அதை மாப்பிள்ளைக்கான விலையாகப் பார்க்கிறது. சட்டமோ அது பெண்ணுடைய பணம், மாப்பிள்ளை கையில் இருக்கிறது என்கிறது. ஆகவே அதைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடம் காதி நீதிமன்றம்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணவர் தரப்பு இரண்டு பதில் சொன்னது. காவின் புத்தகத்தில் 'இல்லை' என்று இருக்கிறது, பெண்ணின் வாப்பாவே கையொப்பமிட்டிருக்கிறார் என்பது ஒன்று. காசு தன் கைக்கு வரவில்லை, தன் வாப்பா வாங்கித் தங்கச்சியின் வீட்டைக் கட்டி முடித்தார் என்பது மற்றது. இந்த இரண்டாவது பதில் பொய்யில்லை. எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணின் கைக்கூலி இன்னொரு பெண்ணின் வீட்டுக் கூரையாகப் போவது சாதாரணம். அந்தப் பையனிடம் உண்மையிலேயே ஐந்து இலட்சம் இருக்கவில்லை. எனக்கு அவன்மேல் இரக்கமும் இருந்தது.

அவள் சீ.ஆர். கொப்பியைக் காட்டினாள். காதி அதை எழுதிய மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமா வயதானவர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். மருமகனின் முகத்தைப் பார்க்காமல், "என்ட எழுத்துத்தான், காசி எண்ணினதும் நாந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். காதி ஐந்து இலட்சத்துக்கும் கட்டளை போட்டார்.

மேன்முறையீடு காதிமார் சபைக்குப் போயிற்று. அங்கே சட்டத்தரணிகள் தோன்றலாம். இரு தரப்பிலும் தோன்றினோம். எதிர்த்தரப்பு நண்பர் திறமைசாலி. பதிவேட்டில் ஒன்று எழுதி இரு வீட்டாரும் கையொப்பமிட்ட பிறகு அதற்கு மாறாகக் கொப்பியைக் கொண்டுவர முடியுமா என்று வாதிட்டார். நான் வரைவிலக்கணத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். கொடுத்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் எழுதியிருந்தால்தான் கைக்கூலி என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தில் திருமணம் பதியப்படாததால் மட்டும் அது செல்லாமல் போகாது என்றும் இருக்கிறது. திருமணமே பதிவில்லாமல் நிற்கும்போது கைக்கூலி மட்டும் விழுந்துவிடுமா? சபை மேன்முறையீட்டைத் தள்ளியது.

ஆனால் 'இல்லை' என்ற அந்தச் சொல் அவளிடமிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தொகையை எழுதியிருந்தால் காதியின் முன் ஒரே அமர்வில் முடிந்திருக்கும். கொப்பி இல்லாதிருந்தால், மாமா கண்ணியவானாக இல்லாதிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு வேறு நீதிமன்றத்தில். கைக்கூலி என்ற வரைவிலக்கணத்துக்குள் காணியும் வீடும் வராது; ஆகவே ஒரே கல்யாணத்தின் பணத்துக்குக் காதி, நிலத்துக்குக் கல்முனை மாவட்ட நீதிமன்றம். அங்கே கணவர்தான் வழக்காளி. பள்ளிவாசலில் எழுதிய தாளைக் காட்டி வீட்டில் பாதி கேட்டார்.

அந்தத் தாளின் முதல் குறை யாருக்கும் தெரிந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியில் உரிமை மாற்றவோ மாற்றுவதாக ஒப்புக்கொள்ளவோ எழுதும் எழுத்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமாக வேண்டும். நம்பிக்கையாளர் நால்வர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் அவர்கள் நொத்தாரிசு ஆகமாட்டார்கள். எதிர்த்தரப்பு அதனால் வேறு வழியில் வந்தது. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி, மேல்மாடி தன் காசு, ஆகவே அவள் அந்தப் பங்கைத் தனக்காக வைத்திருக்கிறாள் என்றார்கள். வங்கி ரசீதுகள் ஒழுங்காக இருந்தன. நிலமும் கீழ் வீடும் கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு வாப்பாவால் கொடுக்கப்பட்டவை. காசு போட்டதால் உறுதி மாறாது என்பது எங்கள் பதில். இருந்தாலும் மனைவியின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் கட்டியவருக்குக் கட்டடத்தின் பெறுமதிக்கு நட்டஈடு கேட்க வழி உண்டு. அதை நான் என் கட்சிக்காரியிடம் மறைக்கவில்லை. சொன்னபோது, "அது அவர்ர வேர்வைக் காசிதானே சேர்" என்றாள்.

அந்தப் பள்ளிவாசல் தாள் பற்றி இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். சட்டக் குறையைவிட எனக்கு உறுத்தியது அது எழுதப்பட்ட விதம். அறையில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். யாரிடமும் ஆலோசனை கேட்க அவகாசம் இருக்கவில்லை. கணவனிடம் கத்தாரில் என்ன சேமிப்பு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2010 இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் ரட்மாக்கர் எதிர் கிரனட்டினோ என்ற வழக்கில், ஜெர்மனியப் பணக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன் செய்த ஒப்பந்தத்துக்கு மதிப்புக் கொடுத்துத் தீர்ப்பளித்தது. அதற்கு நீதியரசர்கள் பார்த்தது இவற்றைத்தான்: இருவரும் மனமொத்து, வற்புறுத்தலில்லாமல், என்ன விளைவு வரும் என்று தெரிந்து கையொப்பமிட்டார்களா, அதை நிறைவேற்றுவது இப்போது அநியாயமாகுமா. பெரும்பான்மையோடு உடன்படாத நீதியரசர் ஒருவரும் இருந்தார், பெண் நீதியரசர் ஹேல். நொத்தாரிசு வைத்தே எழுதியிருந்தாலும் பள்ளிவாசல் தாள் அந்தச் சோதனையில் தேறியிருக்குமா என்பது சந்தேகம்.

இலங்கைக்கும் முன் ஒப்பந்தம் புதிய சரக்கில்லை. உரோமன் டச்சுச் சட்டத்தில் கணவன் மனைவி சொத்து தானாகப் பொதுவாகிவிடும். அதைத் தவிர்க்க விரும்பியவர்கள் கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதினார்கள். 1876 இன் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தப் பொதுச் சொத்து முறையை எடுத்துவிட்டதால் அந்த எழுத்துக்கும் தேவை குறைந்தது. ஆனாலும் பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்தாகும்போது, திருமணத்துக்கு முன்னும் பின்னும் செய்த சொத்து ஏற்பாடுகளை மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இன்னும் இருக்கிறது. பாகிஸ்தானில் 1961 இன் குடும்பச் சட்டத்தின் கீழ் வந்த நிக்காஹ் படிவத்தில், மணவிலக்குச் சொல்லும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறானா என்று கேட்கும் ஒரு கட்டமே உண்டு. அங்கேயும் அதை வெட்டிவிட்டுப் போகிற பதிவாளர்கள் இருப்பதாகக் குறை சொல்கிறார்கள். கட்டம் இருந்தால் போதாது, யாராவது நிரப்ப வேண்டும் என்பதில் நாங்களும் அவர்களும் ஒன்று.

வழக்கு இணக்கத்தில் முடிந்தது. வீட்டில் பாதி என்ற கோரிக்கையைக் கணவர் கைவிட்டார். மேல்மாடியின் பெறுமதியை மதிப்பீட்டாளர் ஒருவர் போட்டார். அது ஐந்து இலட்சத்துக்கு மேல் வந்தது. கைக்கூலிக் கட்டளையைக் கழித்து மீதியை அவள் தவணையில் கொடுப்பது என்று தீர்ப்பு எழுதப்பட்டது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஒரு குடும்பத்துக்கு மாடியை வாடகைக்குக் கொடுத்து, அந்த வாடகையிலிருந்தே கட்டினாள். இரண்டாம் கல்யாணத்துக்குப் பத்து இலட்சம் என்ற வாக்கியம் சோதிக்கப்படவேயில்லை. அந்தத் தாளில் காணியைத் தொடாத, வெறும் பணத்தைப் பற்றிய வாக்கியம் அது ஒன்றுதான்.

பெண்ணும் காவினில் கையொப்பமிட வேண்டும் என்பது உட்பட முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 இல். சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. அவற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வாப்பாமாரே, கைக்கூலி கொடுப்பது சரியா பிழையா என்று நீங்கள் மௌலவிமாரோடு பேசிக்கொள்ளுங்கள். கொடுக்காமல் முடிக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கொடுத்தீர்களானால் கொடுத்த தொகையைக் காவின் பதிவில் எழுதச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் கையொப்பத்தோடு தனி ரசீதும் வாங்குங்கள். வீடு கொடுத்தால் நொத்தாரிசிடம் மகள் பெயரில், மீளப்பெற முடியாதது என்று எழுதுவியுங்கள். கல்யாணத்துக்குப் பின் மருமகன் அந்த வீட்டில் காசு போட்டால், அது கடனா அன்பளிப்பா என்று அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு. பதிவாளர் பேனையை மூடுமுன் அந்தப் பக்கத்தை மகளிடம் கொண்டுபோய், எழுதியிருப்பது முழுவதையும் அவளே வாசிக்கக் கொடுங்கள்.